மார்பகப் புற்றின் தொடக்க நிலையில் டி.என்.ஏ மெத்திலேற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தை இரண்டு வகையினர் தேடி வருகிறார்கள். ஒரு சாரார் ஆய்வகத்தில் மெத்திலேற்றச் சோதனை செய்கிறவர்கள். மற்றவர்கள், அறிக்கையில் "எபிஜெனெடிக்" (டி.என்.ஏ-வின் எழுத்து மாறாமல் அதன் மேலுள்ள குறி மாறுவது) என்ற சொல்லைப் பார்த்துக் குழம்பிப்போன நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும். செய்முறைக் கேள்விகள் நடுவில் இருக்கின்றன. அவை வேண்டாதவர்கள் தாண்டி, ரத்தப் பரிசோதனை பற்றிய கேள்விக்குப் போய்விடலாம்.

மெத்திலேற்றம் என்றால் என்ன?

டி.என்.ஏ-வில் உள்ள சைட்டோசினின் 5-ஆம் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்வதுதான் மெத்திலேற்றம். மனித உடலில் இது பெரும்பாலும் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களில் நடக்கிறது. அந்த இடங்களைச் சிபிஜி என்கிறோம். நம் மரபணுத்தொகுப்பின் ஒரு பிரதியில் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் சிபிஜி உண்டு. சாதாரண செல்லில் அவற்றில் 70 முதல் 80 சதவீதம் வரை மெத்தில் ஏறியே இருக்கும்.

விதிவிலக்கு சிபிஜி தீவுகள். சிபிஜி நெருக்கமாகக் குவிந்திருக்கும் இந்தச் சிறு பகுதிகள் ஜீன்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் புரோமோட்டரில், அதாவது ஜீன் படிக்கப்படத் தொடங்கும் இடத்தில், அமைந்திருக்கின்றன. சாதாரண செல்லில் இவை மெத்தில் இல்லாமல் இருக்கும். இங்கே மெத்தில் அடர்த்தியாக ஏறிவிட்டால் அந்த ஜீன் பூட்டப்படும்.

செல் பிரியும்போது பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையில் மெத்திலைப் படியெடுப்பது டிஎன்எம்டி1 என்ற நொதி. புதிய இடங்களில் மெத்திலை எழுதுபவை டிஎன்எம்டி3ஏ, டிஎன்எம்டி3பி. அதை ஆக்சிஜனேற்றி நீக்கும் பாதையைத் தொடங்கிவைப்பவை டெட் நொதிகள்.

பிறழ்வும் இதுவும் ஒன்றா?

இல்லை. பிறழ்வில் எழுத்தே மாறுகிறது. இதில் எழுத்து அப்படியே இருக்க, அதன் மேல் ஏறிய குறி மாறுகிறது. அதனால் வழக்கமான ஜீன் வரிசையாக்கத்தில் இது தெரியாது. "பிஆர்சிஏ பிறழ்வு இல்லை" என்று வரும் அறிக்கை, டி.என்.ஏ-வைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ1 ஜீனின் மெத்திலேற்றத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

புற்று உருவாகும்போது மெத்தில் கூடுகிறதா, குறைகிறதா?

இரண்டும் ஒரே செல்லில் நடக்கின்றன. மரபணுத்தொகுப்பின் பரந்த வெளியில், குறிப்பாகச் செல் பிரிவில் கடைசியாகப் படியெடுக்கப்படும் பகுதிகளில், மெத்தில் குறைகிறது. புற்றில் மெத்தில் குறைவதை ஃபைன்பெர்க்கும் வோகெல்ஸ்டைனும் 1983-இலேயே காட்டினார்கள். அதே நேரத்தில் சில சிபிஜி தீவுகளில் மெத்தில் ஏறுகிறது.

குறைவதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. செல் பிரியப் பிரிய, கடைசி நேரத்தில் படியெடுக்கப்படும் பகுதிகளில் மெத்திலைச் சரிசெய்ய டிஎன்எம்டி1-க்கு அவகாசம் போதவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் விட்டுப்போகிறது. எனவே மெத்தில் இழப்பின் ஒரு பகுதி, அந்தச் செல் பரம்பரை எத்தனை முறை பிரிந்திருக்கிறது என்பதன் கணக்குதான்.

ஏறும் இடங்களும் தற்செயலானவை அல்ல. கரு நிலைத் தண்டு செல்களில் பாலிகோம்ப் புரதத் தொகுதி தற்காலிகமாக அடைத்துவைத்திருக்கும் ஜீன்களில்தான் பின்னாளில் புற்றில் மெத்தில் அதிகம் ஏறுகிறது. 2007-இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் இதைக் கண்டன. திறந்து மூடக்கூடிய அடைப்பு அங்கே நிரந்தரப் பூட்டாக மாறுகிறது.

எந்தக் கட்டத்தில் இந்த மாற்றம் வருகிறது?

பலர் நினைப்பதைவிட மிக முன்னதாக. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதையும் அடுத்ததையும் சேர்த்துப் படியுங்கள்.

பால்குழாய்ப் புற்றின் வளர்ச்சியைப் பொதுவாக நான்கு படிகளாகப் பார்ப்பார்கள்: சாதாரணக் குழாய், இயல்பு மாறிய செல் பெருக்கம், குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் டிசிஐஎஸ், குழாய்ச் சுவரை உடைத்து வெளியேறிய ஊடுருவும் புற்று. நோயாளியைப் பொறுத்தவரை டிசிஐஎஸ்ஸிலிருந்து ஊடுருவும் புற்றுக்குப் போவதுதான் பெரிய தாவல். மெத்திலேற்றத்தைப் பொறுத்தவரை அப்படி இல்லை. சாதாரணத் திசுவுக்கும் டிசிஐஎஸ்ஸுக்கும் இடையே ஆயிரக்கணக்கான சிபிஜி-கள் மாறுகின்றன. டிசிஐஎஸ்ஸுக்கும் ஊடுருவும் புற்றுக்கும் இடையே கிடைக்கும் வேறுபாடு அதைவிட மிகச் சிறியது. இயல்பு மாறிய பெருக்கத்திலேயே சில புரோமோட்டர்களில் மெத்தில் ஏறத் தொடங்கியிருக்கும்.

ஆக, ஊடுருவலைத் தூண்டும் பொத்தானாக மெத்திலேற்றத்தைப் பார்க்க முடியாது. அந்தப் படிக்கு வரும்போது மாற்றத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

புற்றே இல்லாத மார்பகத்திலும் இது காணப்படுமா?

காணப்படும். ஆரோக்கியமான பெண்களின் மார்பகத் திசுவில்கூடச் சில செல் கூட்டங்களில், செல் பிரிவைத் தடுக்கும் பி16 ஜீனின் புரோமோட்டரில் மெத்தில் ஏறியிருப்பது 2003-இல் காட்டப்பட்டது. இதன் முன்கதை செல் வளர்ப்பில் இருக்கிறது. மனித மார்பக எபிதீலியச் செல்களை, அதாவது குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்களை, தட்டில் வளர்த்தால், சில பிரிவுகளுக்குப் பிறகு பெரும்பாலானவை நின்றுவிடும். மிகச் சில மட்டும் தப்பித்து மீண்டும் பெருகும். அப்படித் தப்பியவற்றில் பி16 மெத்தில் ஏறி அடங்கியிருக்கும். தட்டில் கண்ட அதே நிலை உடலிலும் இருக்கிறது என்பதுதான் 2003-இன் செய்தி.

இன்னொரு சான்று, கட்டிக்குப் பக்கத்தில் நுண்ணோக்கியில் சாதாரணமாகத் தெரியும் திசு. சராசரியை மட்டும் பார்த்தால் அது ஆரோக்கியமான திசுவிலிருந்து பெரிதாக வேறுபடாது. ஆனால் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்தால், சில சிபிஜி-களில் சிலருடைய மதிப்பு மட்டும் கூட்டத்தைவிட்டு வெகுதூரம் விலகி நிற்கும். 2016-இல் வெளியான டெஷண்டார்ஃப் குழுவின் ஆய்வு, இப்படி விலகும் இடங்களே கட்டியிலும் மாறியிருக்கின்றன என்று காட்டியது.

வயதாகும்போதும் இதே திசையில் மாற்றம் நடக்கிறது. பாலிகோம்ப் அடைத்துவைத்த ஜீன்களில் வயதோடு மெத்தில் மெல்ல ஏறும். மெத்தில் அளவை வைத்து வயதைக் கணிக்கும் மெத்திலேற்றக் கடிகாரத்தின்படி, ஒரே பெண்ணின் ரத்தத்தைவிட அவருடைய மார்பகத் திசு வயதில் மூத்ததாகவே தெரியும்.

இங்கேதான் துறையின் நிரந்தரச் சிக்கல் இருக்கிறது. ஒரு அடையாளம் எவ்வளவு முன்னதாகத் தோன்றுகிறதோ, அவ்வளவுக்கு அது புற்றே வராத பெண்களிடமும் இருக்கும். "தொடக்கத்திலேயே தெரிகிறது" என்பதை "தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம்" என்று படித்துவிடுகிறார்கள். கீழே வரும் பல பதில்கள் இந்த இடைவெளியைச் சுற்றியே இருக்கும்.

எந்த ஜீன்களைப் பார்க்கிறார்கள்?

அடிக்கடி வரும் பெயர்கள்: ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ, சைக்ளின் டி2, ஆர்ஏஆர்-பீட்டா2, ட்விஸ்ட்1, ஹின்-1, ஏபிசி, பி16, பிஆர்சிஏ1.

இவற்றில் 3-ஆம் குரோமோசோமின் குறுங்கையில் உள்ள ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ-தான் அதிகம் ஆராயப்பட்டது. ஊடுருவும் புற்றுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இதில் மெத்தில் ஏறியிருக்கும். டிசிஐஎஸ்ஸிலும் அடிக்கடி உண்டு. ஆனால் தீங்கற்ற பெருக்கத்திலும் குறைந்த அளவில் இருக்கும். எனவே இருக்கிறதா, இல்லையா என்று கேட்டால் பயனில்லை. எவ்வளவு என்று அளக்க வேண்டும்.

14-3-3 சிக்மா என்ற ஜீன் ஒரு நல்ல எச்சரிக்கை. மார்பகப் புற்றில் பெரும்பாலும் மெத்தில் ஏறியிருப்பதால் தொடக்கத்தில் இது பெரிய நம்பிக்கையைத் தந்தது. பிறகு பார்த்தால் வெள்ளையணுக்களிலும் சுற்றியுள்ள இணைப்புத் திசுவிலும் அது இயல்பாகவே மெத்தில் ஏறியிருக்கிறது. மாதிரியில் கொஞ்சம் ரத்தம் கலந்தாலே பாசிட்டிவ் வரும். புதிய அடையாளம் எதைத் தேர்ந்தாலும், வெள்ளையணு, கொழுப்பு, இணைப்புத் திசு மூன்றிலும் அதன் இயல்பு நிலையை முதலில் பாருங்கள்.

மெத்தில் ஏறியதால் புற்று வருகிறதா, புற்று வந்ததால் மெத்தில் ஏறுகிறதா?

ஜீனுக்கு ஜீன் பதில் மாறும். புற்றில் மெத்தில் ஏறும் ஜீன்களில் கணிசமானவை மார்பகச் செல்லில் ஏற்கெனவே அடங்கியிருந்தவை. அங்கே மெத்தில் எதையும் புதிதாக அணைக்கவில்லை. அவை வெறும் தடயங்கள்.

நேரடிச் சோதனையும் உண்டு. 2017-இல் வெளிவந்த ஆய்வில், ஆரோக்கியமான பெண்களின் மார்பகச் செல்களை எடுத்து, குறித்த ஜீனில் போய் ஒட்டும், ஆனால் வெட்டாத வகை கிரிஸ்பர் கருவியோடு டிஎன்எம்டி3ஏ-வை இணைத்து, குறிப்பிட்ட புரோமோட்டர்களில் மட்டும் மெத்திலை ஏற்றினார்கள். பி16 அடங்கிய செல்கள் முதுமையடைந்து நிற்காமல் தொடர்ந்து பிரிந்தன. ஏற்றிய கருவி மறைந்த பிறகும் மெத்தில் நிலைத்தது. பி16 விஷயத்திலாவது மெத்திலுக்குக் காரணப் பங்கு உண்டு என்று சொல்லலாம். ஆனால் அந்தச் செல்கள் புற்றாக மாறவில்லை. தடையை நீக்குவது ஒன்று, புற்றை உண்டாக்குவது வேறு.

பிஆர்சிஏ1 மெத்திலேற்றம் ஏன் தனியாகப் பேசப்படுகிறது?

பரம்பரைப் பிறழ்வு இல்லாமலே பிஆர்சிஏ1-ஐ இழக்கும் வழி இது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான், ஹெர்2 ஏற்பிகள் மூன்றும் இல்லாத டிரிபிள் நெகடிவ் வகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு கட்டியில் இது காணப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில் அபூர்வம்.

இன்னும் சுவையான பகுதி ரத்தத்தில் இருக்கிறது. சில பெண்களின் வெள்ளையணுக்களில் ஒரு சிறு விகிதத்தில் பிஆர்சிஏ1 மெத்தில் ஏறியிருக்கும். இது கட்டியிலிருந்து வந்ததல்ல. கருவிலேயே தொடங்கி, உடலின் பல திசுக்களில் கலவையாக இருப்பதாகக் கருதப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் சேமித்த ரத்தத்தை வைத்து 2022-இல் வெளியான ஆய்வில், இப்படி உள்ளவர்களுக்குப் பின்னாளில் டிரிபிள் நெகடிவ் புற்று வரும் வாய்ப்பு 2 மடங்குக்குச் சற்று மேல் என்று தெரிந்தது. 2 மடங்கு என்பது ஒப்பீடு மட்டுமே. டிரிபிள் நெகடிவ் வகையே குறைவானது என்பதால், இவர்களிலும் பெரும்பாலோருக்கு அந்தப் புற்று வருவதில்லை.

இது பொதுவாகப் பிள்ளைகளுக்குப் போவதில்லை. விதிவிலக்காக, பிஆர்சிஏ1-இன் முன்பகுதியில் ஓர் எழுத்து மாறி, அந்தப் பிரதியில் மெத்திலும் ஏறி, தலைமுறை தலைமுறையாக வந்த இரண்டு குடும்பங்கள் 2018-இல் பதிவாயின.

எல்லா மார்பகப் புற்றிலும் மெத்திலேற்றம் ஒரே மாதிரியா?

இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, வேகமாக வளரும் லூமினல் பி வகையில் புரோமோட்டர் மெத்திலேற்றம் அதிகம். பெரும்பாலும் டிரிபிள் நெகடிவாக இருக்கும் பேசல் வகையில் அது குறைவு, பரந்த இழப்பு அதிகம். தொடக்க நிலை அடையாளங்களில் பல லூமினல் கட்டிகளை வைத்துத் தேர்ந்தவை. அவற்றை அப்படியே டிரிபிள் நெகடிவ் நோயாளிகளிடம் பயன்படுத்தினால் சோதனை கோட்டைவிடும்.

ஆய்வகத்தில் இதை எப்படி அளக்கிறார்கள்?

அடிப்படை, 1992-இல் வந்த பைசல்ஃபைட் முறை. சோடியம் பைசல்ஃபைட் மெத்தில் இல்லாத சைட்டோசினை யூராசிலாக மாற்றும். மெத்தில் உள்ளதை விட்டுவிடும். பிசிஆர் (டி.என்.ஏ-வைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்தால் யூராசில் தைமினாகத் தெரியும். சி நின்றால் மெத்தில் உண்டு, டி வந்தால் இல்லை. ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசினையும் இந்த முறை மெத்தில் என்றே காட்டும். பிரித்தறிய ஆக்சிஜனேற்றப் படி ஒன்று தனியாக வேண்டும்.

நொதி முறையில் டெட்2-வும் அபோபெக்கும் அதே வேலையைச் செய்கின்றன. டி.என்.ஏ குறைவாக உடைவதால் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ போன்ற சிறு மாதிரிகளுக்கு அதுவே மேல். நானோபோர் கருவி எந்த மாற்றமும் செய்யாமல் நேரடியாகப் படிக்கும்.

பாரஃபின் பிளாக்கிலிருந்து தொடங்கினால் படிகள் என்ன?

10 மைக்ரான் தடிமனில் 5 முதல் 10 வெட்டுகள் எடுங்கள். முதலும் கடைசியும் சாயமேற்றி நோயியல் மருத்துவரிடம் கொடுத்துக் கட்டிப் பகுதியைக் குறிக்கச் சொல்லுங்கள். டிசிஐஎஸ் சிதறிக் கிடக்கும். பிளாக்கின் உள்ளே போகப் போக அது தீர்ந்துவிடலாம். கடைசி வெட்டையும் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். குறித்த பகுதியை மட்டும் சுரண்டி எடுங்கள். கட்டிச் செல்கள் 60 சதவீதத்துக்குக் கீழ் என்றால் லேசர் நுண்வெட்டு தேவை.

சைலீனில் மெழுகை நீக்கி, புரோட்டினேஸ் கே சேர்த்து 56 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, பிறகு 90 டிகிரியில் 1 மணி நேரம் வையுங்கள். இந்தக் கடைசிச் சூடு ஃபார்மலின் போட்ட முடிச்சுகளை அவிழ்க்க. இதை விட்டால் டி.என்.ஏ அளவு நன்றாக இருக்கும், பிசிஆர் மட்டும் வராது.

அளவை ஒளிர்சாய முறையில் பாருங்கள். ஒளி உறிஞ்சும் முறை ஆர்.என்.ஏ-வையும் குப்பையையும் சேர்த்துக் காட்டும். பைசல்ஃபைட் மாற்றத்துக்கு 200 முதல் 500 நானோகிராம் வரை வசதியான அளவு. வழக்கமான கிட்களில் 98 டிகிரியில் 10 நிமிடம், 64 டிகிரியில் இரண்டரை மணி நேரம், பிறகு நெடுவரிசையில் 15 முதல் 20 நிமிடம் சல்ஃபோனேட் நீக்கம். இந்தக் கடைசி நேரத்தை மீறினால் டி.என்.ஏ இன்னும் உடையும். 10 மைக்ரோலிட்டரில் இறக்கி மைனஸ் 20-இல் வையுங்கள். மாதக் கணக்கில் என்றால் மைனஸ் 70. உருக்கி உறைய வைப்பதைத் தவிர்க்கச் சிறு பங்குகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய டி.என்.ஏ ஒற்றை இழை. ஒளி உறிஞ்சும் கருவியில் அளந்தால் ஆர்.என்.ஏ அமைப்பில் அளக்க வேண்டும்.

பிசிஆர் வரவில்லை, அல்லது எல்லாமே பாசிட்டிவ் வருகிறது. ஏன்?

வராததற்கு முதல் சந்தேகம் நொதி. பிழை திருத்தும் வகை பாலிமரேஸ்கள் யூராசிலைக் கண்டதும் நின்றுவிடும். யூராசிலைத் தாங்கும் ஹாட்ஸ்டார்ட் டாக் நொதிக்கு மாறுங்கள். அடுத்தது நீளம்: பாரஃபின் மாதிரிக்கு 100 முதல் 150 இணைக்குள் வையுங்கள். மூன்றாவது பிரைமர்: மாற்றத்துக்குப் பின் இரு இழைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஆகவே எந்த இழைக்கு என்று முடிவு செய்து வடிவமைக்க வேண்டும்.

எல்லாமே பாசிட்டிவ் என்றால் மாற்றம் முழுமையாகவில்லை என்பதே பொதுவான காரணம். மாறாத சி எல்லாம் மெத்திலாகத் தெரியும். சிபிஜி அல்லாத சைட்டோசின்களைப் பாருங்கள். அவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் டி-யாக மாறியிருக்க வேண்டும். வரிசையாக்கம் என்றால் மெத்தில் இல்லாத லேம்ப்டா ஃபேஜ் டி.என்.ஏ-வைச் சிறிது கலந்துவிட்டால் தனிச் சான்று கிடைக்கும்.

மெத்திலுக்கென்றே வடிவமைத்த பிரைமர்களின் 3' முனையில் சிபிஜி இருக்க வேண்டும். வரிசையாக்கத்துக்கான பிரைமர்களில் சிபிஜி இருக்கவே கூடாது. இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் பெருக்கும். 0, 25, 50, 75, 100 சதவீதக் கலவைகளை ஒவ்வொரு தடவையும் ஓட்டுங்கள். 100-க்கு எம்.எஸ்எஸ்எஸ்1 நொதியால் மெத்திலேற்றிய டி.என்.ஏ பயன்படும். 50 சதவீதக் கலவை 30 என்று வந்தால் பெருக்கத்தில் சாய்வு இருக்கிறது.

பிறகு, எத்தனை பிரதிகள் குழாய்க்குள் போயின என்ற கேள்வி. பெருகக்கூடிய பிரதிகள் 50 மட்டும் போனால், 1 சதவீத மெத்திலேற்றம் என்பது அரைப் பிரதி. மூன்று முறை ஓட்டி ஒரு முறை மட்டும் பாசிட்டிவ் வந்தால் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அரே முடிவுகளில் எங்கே ஏமாறுகிறோம்?

இல்லுமினா எபிக் அரே 8,50,000-க்கும் மேற்பட்ட சிபிஜி-களை அளக்கிறது. ஒரு சில்லில் 8 மாதிரிகள். டிசிஐஎஸ் எல்லாம் ஒரு சில்லிலும் சாதாரணத் திசு எல்லாம் இன்னொன்றிலும் போட்டுவிட்டால், பிறகு எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது. ஒவ்வொரு சில்லிலும் கலந்து போடுங்கள்.

ஒரு சிபிஜி-யின் மதிப்புகள் 0, 0.5, 1 என்று மூன்று குவியலாக வந்தால், அது மெத்திலேற்றம் அல்ல. பெரும்பாலும் அந்த எழுத்திலேயே உள்ள பரம்பரை வேறுபாடு. அப்படிப்பட்ட புரோப்களையும், வேறிடங்களில் ஒட்டும் புரோப்களையும் தொடக்கத்திலேயே நீக்குங்கள். எபிக் அரேக்கு 0.05 என்ற பி-மதிப்பு எல்லை அர்த்தமற்றது, ஏறக்குறைய 0.00000009-க்குக் கீழ் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி செல் கலவை. சாதாரண மார்பகம் பெரும்பாலும் கொழுப்பும் இணைப்புத் திசுவும். டிசிஐஎஸ் மாதிரியில் எபிதீலியம் அதிகம். இரண்டையும் ஒப்பிட்டால் கிடைக்கும் வேறுபாட்டில் பெரும்பங்கு கொழுப்புக்கும் எபிதீலியத்துக்கும் உள்ளதுதான். புற்று அதில் ஒரு சிறு பகுதி. செல் விகிதங்களைக் கணித்து நீக்காத தொடக்க நிலை ஆய்வைக் கொஞ்சம் தள்ளிவைத்தே படிக்கலாம்.

ஒப்பீட்டுத் திசுவுக்கும் நல்ல விடை இல்லை. கட்டிக்கு அருகில் எடுத்தால் அங்கேயே தொடக்க மாற்றம் இருக்கும், தேடுவது மறைந்துபோகும். மார்பகக் குறைப்பு அறுவையில் கிடைத்ததை எடுத்தால் வயதும் கொழுப்பும் பொருந்தாது. இயன்றால் இரண்டையும் எடுங்கள். வயதை ஒட்டிப் பொருத்துங்கள்.

ரத்தப் பரிசோதனையில் தொடக்க நிலைப் புற்றைக் கண்டுபிடிக்க முடியுமா?

கட்டிச் செல்கள் அழியும்போது அவற்றின் டி.என்.ஏ ரத்தத்தில் மிதக்கும், அதில் மெத்தில் அடையாளத்தைத் தேடலாம் என்ற தத்துவம் சரி, கணக்குதான் இடிக்கிறது. 10 மில்லி ரத்தத்தில் சுமார் 4 மில்லி பிளாஸ்மா. ஆரோக்கியமானவரிடம் மில்லிக்கு 5 நானோகிராம் மிதக்கும் டி.என்.ஏ என்று கொண்டால் 20 நானோகிராம். ஒரு நானோகிராமில் சுமார் 300 பிரதிகள், ஆக மொத்தம் 6,000. சிறிய கட்டியின் பங்கு 0.01 சதவீதம் என்றால் குழாயில் இருப்பது 0.6 பிரதி. ஒரு ஜீனை மட்டும் பார்க்கும் சோதனை, எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், இல்லாத மூலக்கூற்றைப் பிடிக்க முடியாது.

அதனால்தான் இன்றைய சோதனைகள் ஆயிரக்கணக்கான இடங்களைச் சேர்த்துப் பார்க்கின்றன. ஒரு இடத்தில் 0.6 பிரதி, 100 இடங்களில் 60 துண்டுகள். அப்படியும் எல்லை உண்டு. பல புற்றுகளை ஒன்றாகத் தேடும் மெத்திலேற்றச் சோதனை ஒன்று 2021-இல் வெளியிட்ட முடிவில், 99.5 சதவீதத் துல்லியத்தில் (அதாவது புற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக நெகடிவ் வரும் நிலையில்), எல்லாப் புற்றுகளும் சேர்ந்து முதல் நிலையில் பிடிபட்டவை 16.8 சதவீதம்தான். நான்காம் நிலையில் 90.1. மார்பகப் புற்றின் முதல் நிலை அந்தச் சராசரிக்கும் வெகு கீழே. டிசிஐஎஸ் குழாய்க்குள்ளேயே அடங்கியிருப்பதால் ரத்தத்துக்கு வரும் டி.என்.ஏ இன்னும் சொற்பம்.

மாதிரி எடுப்பவர்களுக்கு: ஈடிடிஏ குழாய் என்றால் 4 மணி நேரத்துக்குள் 1,600 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, பிளாஸ்மாவை மாற்றி, 16,000 ஜி-யில் மறுபடி 10 நிமிடம் சுழற்றுங்கள். தாமதித்தால் வெள்ளையணுக்கள் உடைந்து, இருக்கிற கொஞ்சத்தையும் நீர்க்கச் செய்துவிடும்.

முலைக்காம்பு வழியாகக் குழாயைக் கழுவி எடுக்கும் திரவத்திலும் மெத்திலேற்றம் பார்க்கலாம் என்று 2001-இலேயே காட்டப்பட்டது. நடைமுறையில் செல்கள் போதிய அளவு கிடைப்பதில்லை; கழுவிய குழாயும் புற்றுள்ள குழாயும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

95 சதவீதத் துல்லியம் உள்ள சோதனை போதாதா?

கற்பனைக்கு 10,000 பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 50 பேருக்குப் புற்று. சோதனை பாதியைப் பிடித்தால் 25. புற்று இல்லாத 9,950 பேரில் 5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 498 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்த 523 பேரில் உண்மையான புற்று 25; நூற்றுக்கு 5-க்கும் குறைவு. வயதோடு இயல்பாகவே மெத்தில் ஏறும் ஜீன்களை அடையாளமாக வைத்தால், வயதானவர்களிடம் இந்த விகிதம் இன்னும் மோசமாகும்.

டிசிஐஎஸ் என்று வந்திருக்கிறது. மெத்திலேற்றத்தைப் பார்த்து அறுவை வேண்டுமா என்று முடிவு செய்யலாமா?

இப்போது முடியாது. டிசிஐஎஸ் எல்லாமே ஊடுருவும் புற்றாக மாறுவதில்லை; எது மாறும் என்று சொல்ல முடிந்தால் பலரைத் தேவையற்ற சிகிச்சையிலிருந்து காப்பாற்றலாம். ஆனால் மேலே சொன்னபடி டிசிஐஎஸ்ஸிலேயே மெத்தில் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடுவதால், பிரித்துக் காட்டும் சமிக்ஞை மெல்லியது. தரநிலை, அளவு, வெட்டு விளிம்பு, ஏற்பி நிலை, வயது ஆகியவைதான் இன்று முடிவைத் தீர்மானிப்பவை.

ஃபோலிக் அமிலம், கிரீன் டீ, மஞ்சள் சாப்பிட்டால் மெத்திலேற்றம் சரியாகுமா?

ஆகும் என்பதற்கு மனிதர்களிடம் சான்று இல்லை. ஃபோலேட் மெத்தில் தொகுதிக்கு மூலப்பொருள் தருகிறது என்பது உண்மை. ஆனால் எந்த ஜீனில் ஏற்றுவது என்று அது தேர்ந்தெடுப்பதில்லை. கேபசிட்டபின் அல்லது 5-எஃப்யு என்ற கீமோ மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடக் கூடாது. அது அந்த மருந்துகளின் நச்சுத்தன்மையைக் கூட்டும்.

மெத்திலை நீக்கும் மருந்து உண்டே?

உண்டு. அசாசிட்டிடின் 2004-இலும் டெசிட்டபின் 2006-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன, எலும்பு மஜ்ஜைக் கோளாறுக்கு. பிரியும் செல்லின் டி.என்.ஏ-வில் நுழைந்து டிஎன்எம்டி1-ஐச் சிக்கவைப்பதுதான் அவற்றின் வேலை. மெதுவாகப் பிரியும் திடக் கட்டியில் விளைவு குறைவு. வேண்டிய ஜீனில் மட்டும் என்றில்லாமல் எங்கும் மெத்திலை அகற்றும். முற்றிய மார்பகப் புற்றில் செய்த சோதனைகளில் பலன் சொற்பமாகவே இருந்தது. தொடக்க நிலைக்கு இதைக் கொடுப்பதில்லை.

கட்டியில் பிஆர்சிஏ1 மெத்திலேற்றம் என்று அறிக்கை வந்தால் என்ன கேட்க வேண்டும்?

முதலில், அளவு எவ்வளவு, மாதிரியில் கட்டிச் செல்கள் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பொருள் வரும். எல்லாப் பிரதிகளிலும் மெத்தில் இருந்தால்தான் ஜீன் முழுதாக அடங்கியிருக்கும். ஒரு பிரதி திறந்திருந்தாலும் செல் டி.என்.ஏ-வைச் சரிசெய்துகொள்ளும். அடுத்து, மாதிரி கீமோவுக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா? சிகிச்சையில் இந்த மெத்தில் அழிந்துபோகலாம். பழைய பிளாக்கின், அதாவது மெழுகில் பதித்துச் சேமித்த திசுவின், முடிவு இன்றைய கட்டிக்குப் பொருந்தாமல் போகலாம்.

மார்பகப் புற்றில், டி.என்.ஏ-வைச் சரிசெய்ய முடியாத கட்டியைக் குறிவைக்கும் ஓலாபரிப் போன்ற மருந்துக்கு அடிப்படை பரம்பரை பிஆர்சிஏ பிறழ்வு. மெத்திலேற்றம் மட்டும் போதாது. பரம்பரைப் பிறழ்வுச் சோதனை தனியாகச் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். மெத்திலேற்றம் இருப்பதால் பிறழ்வு இருக்காது என்று விட்டுவிடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு.

மெத்திலேற்ற ரத்தச் சோதனை நெகடிவ் வந்தால் மேமோகிராமை விட்டுவிடலாமா?

கூடாது. கையில் தட்டுப்படும் கட்டி, தோல் உள்ளிழுப்பு, காம்பில் ரத்தக் கசிவு இருந்தால், எந்த ரத்தச் சோதனை நெகடிவ் என்றாலும் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் செய்தாக வேண்டும்.